தோட்டம் என்பது தோட்டம் அல்ல

உலகம் எப்போது முடியும் என்று சொல்ல யாருக்கு அதிகாரம் என்பதில் மேற்குமலைக் கிறிஸ்தவப் பேராயத்துக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. தேனியில் பேராய அலுவலகத்தின் முதல் மாடியில், ஏசி போட்ட அறையில், செவ்வாயும் வெள்ளியும் கூடுகிற ஏழு பேருக்குத்தான் அந்த அதிகாரம். குழுவின் பெயர் தீர்க்கதரிசனப் பிரசங்கச் சீர்மைக் குழு. லெட்டர்பேடில் அவ்வளவு நீளம் அடங்கவில்லை என்று தீ.பி.சீ. குழு என்று அச்சடித்திருந்தார்கள்.

குழு பிறந்த கதை சின்னது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சின்னமனூர்ப் பக்கம் கூட்டம் போட்ட ஒரு வெளியூர்ப் பிரசங்கியார், வருகிற பங்குனியோடு உலகம் முடிகிறது என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். நாலைந்து குடும்பம் வாழைத்தாரைப் பிஞ்சிலேயே வெட்டி விற்றது. பங்குனி முடிந்தது, சித்திரை பிறந்தது, கரண்டு பில்லும் வந்தது. பேராயத்துக்கு அப்படியொரு கோபம் வந்தது. ஜனங்களை ஏமாற்றிவிட்டானே என்ற கோபம் இல்லை. உலக முடிவை முன் அனுமதி இல்லாமல் அறிவித்துவிட்டானே என்ற கோபம். இனிமேல் பேராய எல்லைக்குள் தீர்க்கதரிசனம் பற்றி யார் வாய் திறந்தாலும், அந்தப் பிரசங்கம் உபதேசச் சுத்தமானதா என்று நூற்றுக்கு மதிப்பெண் போட்டுப் பார்ப்பது என்று தீர்மானித்தார்கள். நாற்பதுக்குக் கீழே வாங்கியவர் பிரசங்க பீடம் ஏறக்கூடாது.

அந்த ஏழு பேர் கையில் போய் மாட்டினார் ஓடைப்பட்டி உபதேசியார் பொன்னுராஜ்.

பொன்னுராஜுக்கு ஐம்பத்துநாலு வயது. யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத மனிதர். சுற்றுவட்டார ஊர்ச் சபைகளையெல்லாம் சேர்த்த சேகரத்துக்குக் குரு, உத்தமபாளையத்தில் இருக்கிற வினோத்ராஜ் ஐயர், மாதம் ஒருதரம் ஓடைப்பட்டிக்கு வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறெல்லாம் மணியடிப்பது, ஜெபம் நடத்துவது, பிரசங்கம் பண்ணுவது எல்லாம் பொன்னுராஜ்தான். கல்யாண ஓலை வாசிப்பதும் அவர்தான். கல்யாணம் நிச்சயமான பெண், மாப்பிள்ளை பெயரை மூன்று ஞாயிறு ஆலயத்தில் சத்தமாக வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர் இருந்தால் சொல்லலாம் என்று கேட்கிற வழக்கம் அது. தடை சொன்னால் ஆள் பெயரும் காரணமும் ஓலைப் புத்தகத்தில் எழுதவேண்டும். விசாரித்து முடிக்கும்வரை அந்த ஜோடிக்கு அடுத்த ஓலை வாசிக்கக்கூடாது. புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இந்த விதி அச்சில் இருக்கிறது. இருபத்துமூன்று வருஷத்தில் பொன்னுராஜ் இருநூறு கல்யாணத்துக்கு மேல் ஓலை வாசித்திருக்கிறார். ஒருத்தரும் எழுந்து நின்றதில்லை.

ஆலயத்தின் தெற்குச் சுவரை ஒட்டி ஞானபாக்கியத்தின் திராட்சைப் பந்தல். நாற்பது சென்ட். மூன்று வருஷத்துக்கு முன்னால் புருஷன் மோட்டார் கொட்டகையில் ஷாக் அடித்துச் செத்தபிறகு, கொடிகளைக் கவாத்து வெட்டுவதும் மருந்தடிப்பதும் அவள் ஒருத்திதான். பட்டா அவள் பேரில். அந்த நாற்பது சென்ட் சேகரத்துக்கு வேண்டியிருந்தது. ஆலயத்துக்குப் பின்னால் இறுதிக்கால மாநாட்டு அரங்கம் கட்டுவதென்று வினோத்ராஜ் ஐயர் படம் வரைந்து வைத்திருந்தார். ஆயிரத்து இருநூறு பேர் உட்காரலாம். உலகம் முடியப்போகிறது என்று கேட்க வருகிறவர்கள் தங்கள் காரை எங்கே நிறுத்துவார்கள்? அதற்குத்தான் ஞானபாக்கியத்தின் தோட்டம்.

அவள் கொடுக்கமாட்டேன் என்றாள். அவள் அப்படிச் சொன்ன அதே வாரம் அவள் மகள் இவாஞ்சலினுக்கும் போடி மதன்குமாருக்கும் நிச்சயமாயிற்று. ஓலைத்தாளில் ஐயர் கையெழுத்துப் போட்டால்தான் பொன்னுராஜ் வாசிக்க முடியும். தாளை எடுத்துக்கொண்டு மூன்று முறை உத்தமபாளையம் போனார். முதல் முறை ஐயர் ஜெபத்தில் இருந்தார். இரண்டாம் முறை உபவாசத்தில் இருந்தார். மூன்றாம் முறை வாசலுக்கே வந்து, "அந்தம்மா அங்க ஒரு கையெழுத்துப் போடட்டும், நான் இங்க ஒரு கையெழுத்துப் போடுறேன். இதுல என்ன இருக்கு உபதேசியாரே, பரஸ்பர அன்புதானே?" என்றார்.

கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருந்தது. மூன்று ஓலை வாசிக்காவிட்டால் ஆலயத்தில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் பொல்லாதவர்கள் இல்லை. ஆனாலும் ஓலை ஏன் நிற்கிறது என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். பெண்ணிடம் ஏதோ வில்லங்கம் என்று போடியில் யாரோ பேசியதாகக் காதில் விழுந்தது. நாற்பது சென்ட் நிலத்துக்காக ஒரு பெண்ணின் பெயரைத் தெருவில் இழுத்துவிட்டிருந்தார்கள். அதைச் செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கி போட்டு ஆசீர்வாதம் கூறிக்கொண்டும் இருந்தார்கள்.

ஐயரை எதிர்த்துப் பொன்னுராஜ் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஞாயிறு நாபோத்தின் கதையைச் சொன்னார். அவ்வளவுதான் அவர் செய்தது.

ஆகாப் ராஜாவின் அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத்துக்கு ஒரு திராட்சத்தோட்டம். ராஜா கேட்டான். பாட்டன் பூட்டன் சொத்து, தரமாட்டேன் என்றான் நாபோத். ராஜா சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ராணி ராஜாவின் முத்திரையைப் போட்டுக் கடிதம் எழுதி, பொய்ச்சாட்சி ஏற்பாடு செய்து, நாபோத்தைக் கல்லெறிந்து கொல்லவைத்தாள். தோட்டத்தை எடுத்துக்கொள்ள ராஜா இறங்கி வரும்போது, எலியா தீர்க்கதரிசி வழியில் நின்று, நாபோத்தின் ரத்தத்தை நாய் நக்கின இடத்தில் உன் ரத்தத்தையும் நாய் நக்கும் என்றார். பொன்னுராஜ் இதற்குமேல் சேர்த்தது இரண்டே இடத்தில். நாய் என்றபோது, "நம்ம கோம்பை நாயின்னு வச்சுக்கங்க" என்றார். தோட்டம் என்றபோது, "எத்தனை சென்ட்டுன்னு வேதத்துல போடல. நாப்பது சென்ட்டுன்னு வச்சுக்குவமே" என்றார்.

ஓடைப்பட்டியில் திராட்சத்தோட்டம் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. எப்போதும் பிரசங்கத்தில் தூங்குகிற ஆட்கள்கூட அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். யாரோ போனில் பதிவு செய்தார்கள். செவ்வாய்க்கிழமை அது தேனியில் ஏழு பேர் முன்னால் ஓடியது.

முதலில் பதினோரு பக்கப் படிவம் வந்தது. 'பிரசங்கத்தில் இடம்பெற்ற மிருகங்களின் எண்ணிக்கை. கொம்புகளின் எண்ணிக்கை. எக்காளம் ஊதப்பட்டதா, ஆம் எனில் எத்தனையாவது எக்காளம். நிறைவேறும் ஆண்டு. கேட்டுப் பயந்தவர்கள் சதவிகிதம்.' பொன்னுராஜ் சாப்பாட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, கண்ணாடி போட்டு, நேர்மையாக நிரப்பினார். மிருகம் இல்லை, நாய் உண்டு. கொம்பு இல்லை. எக்காளம் இல்லை. நிறைவேறும் ஆண்டு என்ற கட்டத்தில் ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, 'நடந்துகொண்டிருக்கிறது' என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை விசாரணை. அறைச் சுவரில் பதினெட்டு அடி நீளத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்து ஆதாம் முதல் உலக முடிவு வரை கால அட்டவணை மாட்டியிருந்தார்கள். கடைசி இரண்டு அடி ஜன்னலில் இடித்ததால் மடித்துச் செருகியிருந்தார்கள். ஆக உலக முடிவு ஏசிக்குப் பின்னால் இருந்தது.

தலைவர் டாக்டர் தங்கப்பாண்டியன். தேனி கடைவீதியில் பெரிய பாத்திரக்கடை. ஒரு ராஜா கனவில் கண்ட சிலையின் பத்துக் கால்விரல்களில் நாலாவது விரலைப் பற்றி மட்டும் ஆராய்ந்து, ஆன்லைனில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஐந்தாவது விரலைப் பற்றிக் கேட்டால் அது தன் துறை இல்லை என்று சொல்லிவிடுவார்.

"சகோதரர் பொன்னுராஜ் அவர்களே, இந்த நாய் எந்தத் தேசம்?"

பொன்னுராஜுக்குக் கேள்வி பிடிபடவில்லை. "நாயிதாங்கய்யா. ரத்தத்தை நக்குன நாயி."

"தீர்க்கதரிசனத்தில் மிருகம் வந்தால் அது ஒரு வல்லரசு. இதுகூடத் தெரியாமலா பீடத்தில் ஏறினீர்கள்? பதினோராவது நிமிடத்தில் கோம்பை நாய் என்று சொல்லியிருக்கிறீர்கள். ஏன் கோம்பை?"

"இங்கன உள்ள ஆளுகளுக்கு வெளங்கணுமேன்னு சொன்னேன். கோம்பை நாயிக்கு எல்லாரும் பயப்படுவாக."

ஒரு உறுப்பினர் போனில் மேப்பைத் திறந்தார். கோம்பை ஓடைப்பட்டிக்கு மேற்கே இருக்கிறது, ஆகவே இது மேலைநாட்டு வல்லரசைக் குறிக்கலாம் என்றார். இன்னொருவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. நாய் வடதிசை ராஜாவுக்குத்தான் பொருந்தும், தான் அதைப்பற்றித் தனியாக ஒரு சிறு புத்தகமே போட்டிருப்பதாகச் சொல்லிப் பையிலிருந்து எடுத்து எல்லாருக்கும் ஒன்று கொடுத்தார். முக்கால் மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. நடுவில் டீ வந்தது. விசாரணைக்கு வந்தவருக்கு டீ கிடையாது. கடைசியில் செயலாளர் எழுதிக்கொண்டார்: 'நாய் அடுத்த அமர்வுக்கு ஒத்திவைக்கப்பட்டது.'

அடுத்தது தோட்டம். தலைவர் இதற்கு எழுந்தே நின்றார்.

"சகோதரரே, உம்முடைய பிரசங்கத்தின் வேர்ப்பிழை இங்கேதான் இருக்கிறது. திராட்சத்தோட்டம் என்று வாசித்தவுடனே நீர் திராட்சத்தோட்டம் என்று நினைத்துவிட்டீர். எழுதியிருக்கிறதை எழுதியிருக்கிறபடியே எடுத்துக்கொண்டால் நாங்கள் ஏழு பேர் எதற்கு? தோட்டம் என்றால் சபை. ஏழை என்றால் ஆவியில் ஏழை. அநியாயம் என்றால் இருதயத்துக்குள்ளே இருக்கிற அநியாயம். வெளியே இருக்கிற அநியாயத்தைப் பற்றி வேதம் பேசுவதாக எடுத்துக்கொண்டால் அப்புறம் நிர்வாகம் நடத்த முடியுமா? தீர்க்கதரிசனம் என்பது முடிந்துபோனதைப் பற்றி இருக்கவேண்டும், அல்லது இனிமேல் வரப்போவதைப் பற்றி இருக்கவேண்டும். இப்போது நடப்பதைப் பற்றி இருந்தால் அது தீர்க்கதரிசனம் அல்ல, வதந்தி."

உறுப்பினர்கள் ஆமென் என்றார்கள். செயலாளர் 'வதந்தி' என்பதை அடிக்கோடிட்டார்.

பொன்னுராஜ் மெதுவாக, "ஐயா, கோவிச்சுக்கிறக்கூடாது. அந்தத் தீர்க்கதரிசி ராசா முன்னாடி போயி நின்னாகல்ல, அது அன்னைக்கு நடந்ததைத்தானய்யா கேட்டாக?" என்றார்.

 தலைவர் ஃபிளெக்ஸைப் பார்த்தார். பிறகு, "அவருக்கு அனுமதி இருந்தது" என்றார்.

தோட்டம் தோட்டம் அல்ல என்று இவ்வளவு தெளிவாகத் தீர்ப்புச் சொன்ன பிறகு கள ஆய்வு எதற்கு என்று பொன்னுராஜுக்கு விளங்கவில்லை. ஆனால் அடுத்த வியாழக்கிழமை இரண்டு கார்களில் குழு ஓடைப்பட்டிக்கு வந்தது. கூடவே வினோத்ராஜ் ஐயரும் வந்தார். கார் நிறுத்த இடமில்லாமல் ரோட்டிலேயே நிறுத்த, திராட்சை ஏற்றிவந்த மினி லாரிக்காரன் பின்னால் நின்று ஹாரன் அடித்தான். "பார்த்தீர்களா, எவ்வளவு நெருக்கடி" என்றார் ஐயர். நெருக்கடி என்று செயலாளர் குறித்துக்கொண்டார்.

பிரசங்கத்தில் வந்த தோட்டம் எது, அதில் வேண்டுமென்றே எவரையாவது குறிப்பிட்டிருக்கிறதா என்று ஆராயவேண்டுமாம். அதற்குப் புறமதச் சாட்சி ஒன்று தேவை என்று விதியில் இருந்தது. பக்கத்துப் பந்தலில் மருந்தடித்துக்கொண்டிருந்த சுருளியாண்டியைக் கூப்பிட்டார்கள். அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இது என்ன?" என்று தலைவர் பந்தலைக் காட்டினார்.

"திராட்சங்க. சீட்லெஸ்."

"ஆவிக்குரிய அர்த்தத்தில் கேட்கிறேன்."

சுருளியாண்டி பொன்னுராஜைப் பார்த்தார். பொன்னுராஜ் தரையைப் பார்த்தார். "ஆவியா? போன மாசம் சாம்பல் நோய் வந்துச்சு. மருந்தடிச்சதும் கேட்டுருச்சு" என்றார் சுருளியாண்டி.

'சாட்சிக்கு வெளிப்பாடு இல்லை' என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு செயலாளர் காரிலிருந்து ஐம்பது மீட்டர் டேப்பை எடுத்துவந்தார். கல்லுக்காலில் ஒரு முனையைக் கட்டி, ஆவிக்குரிய தோட்டத்தை நீளத்திலும் அகலத்திலும் அளந்தார்கள். சரிவாக நிறுத்தினால் அறுபது கார், நேராக நிறுத்தினால் ஐம்பத்திரண்டு என்று ஒரு உறுப்பினர் வாயால் கணக்குப் போட்டார். அளந்துகொண்டே ஆளுக்கு இரண்டு கொத்து பறித்துத் தின்றார்கள். நாலாவது விரல் டாக்டர் ஒரு பழத்தை வாயில் போட்டு, "புளிப்பு" என்றார்.

ஞானபாக்கியம் கவாத்துக் கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு பந்தலுக்குள்ளிருந்து குனிந்து வெளியே வந்தாள். நாற்பத்தாறு வயது. ஆள் ஒல்லி. யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

"இது வெட்டுற பருவம் இல்லய்யா, இன்னும் பத்து நாளு கெடக்கு. புளிக்கத்தான் செய்யும்" என்றாள். பிறகு ஐயர் பக்கம் திரும்பினாள். "எம்மக ஓலைத்தாளு ஆறு வாரமா உங்க கையெழுத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கு. என்ன தடைன்னு சொல்லுங்க. அவ யாரையாச்சும் ஏற்கெனவே கட்டியிருக்காளா? ஞானஸ்நானம் வாங்கலையா? என்ன?"

"அம்மா, பொறுமை. எல்லாம் கர்த்தருடைய வேளையில் நடக்கும்" என்றார் ஐயர்.

"கர்த்தரு வேளை எப்பய்யா? நான் கையெழுத்துப் போடுற வேளையா?"

ஐயர் தலைவரைத் திரும்பிப் பார்த்தார். தலைவர்தான் அன்பாக விளக்கினார். தோட்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது மாம்சத்தின் கிரியை என்றார். உலகம் முடியப்போகிற நேரத்தில் நாற்பது சென்ட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்களைப் பார்த்தால் தனக்குத் துக்கமாக இருக்கிறது என்றார். இதைச் சொல்லும்போது டேப்பின் மறுமுனை அவர் கையில்தான் இருந்தது.

"ஒலகம் முடியப் போகுதுன்னா காரு நிறுத்த எடம் எதுக்குய்யா?" என்றாள் ஞானபாக்கியம். "தோட்டம்ங்கிறது தோட்டம் இல்லைன்னு தேனியில சொன்னீங்களாம், உபதேசியாரண்ணன் வந்து சொன்னாக. நல்லது. அந்தத் தோட்டம் இல்லாத தோட்டத்தை நீங்க எடுத்துக்கங்க. மண்ணு எங்கிட்டயே கெடக்கட்டும்."

டேப்பைப் பிடித்து அவளே சுற்றி, செயலாளர் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து பந்தலுக்குள் போய்விட்டாள்.

பொன்னுராஜுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷமாக இவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்திருக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் கார்க் கதவைத் திறந்து பிடித்தவர் அவர்தான். அது கையின் பழக்கம்.

அடுத்த வாரம் தீர்ப்பு வந்தது. நூற்றுக்கு நாலு. அந்த நாலும் உச்சரிப்புக்கு. நாய் பற்றிக் கருத்து வேறுபாடு நீடிப்பதால் துணைக்குழு அமைக்கப்பட்டது. பீடம் ஏறத் தகுதியில்லை. சபை குடியிருக்கக் கொடுத்த வீட்டை முப்பது நாளில் காலி செய்யவேண்டும். ஆனால் கிருபையின் நிமித்தம் ஒரு வழி வைத்திருந்தார்கள். இணைத்திருக்கிற திருத்த அறிக்கையை அவரே சபையில் வாசித்துவிட்டால் தண்டனை ரத்து.

அறிக்கையை மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டும். கல்யாண ஓலை வாசிக்கும் இடத்தில் நின்று, ஓலை வாசிக்கும் முறைப்படியே, கூட்டாமல் குறைக்காமல் வாசிக்கவேண்டும். பிரசங்கத்தில் தூங்குகிற ஜனங்கள் ஓலைக்கு மட்டும் விழித்துக்கொள்வார்கள் என்பது குழுவின் நீண்டநாள் அனுபவம். மூன்று முறை வாசித்தும் சபை அமைதியாக இருந்தால் சபைக்குச் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள். பிறகு ஞானபாக்கியம் ஒருத்திதான் கர்த்தருடைய காரியத்துக்குக் குறுக்கே நிற்கிறாள் என்று ஆகிவிடும். அப்புறம் அவள் மகளுக்கு எந்த ஆலயத்தில் ஓலை வாசிப்பார்கள்? கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. இந்த ஞாயிறு முதல் ஓலை வாசித்தால்தான் மூன்றும் முடியும்.

சனிக்கிழமை மத்தியானம் ஞானபாக்கியம் ஆலயத்துக்குப் பூ வைக்க வந்தாள். பொன்னுராஜ் அறிக்கையை அவளிடம் வாசித்துக் காட்டினார். மறைத்துவைக்க மனசு வரவில்லை.

"வாசிங்கண்ணே" என்றாள் அவள். "வீட்டையும் விட்டுட்டு இந்த வயசுல நீங்க எங்க போவீக? உங்களுக்கு ஏன் பொல்லாப்பு?"

"நீ கையெழுத்துப் போட்டுருவியாம்மா?"

அவள் குவளையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "எம்மக இவா அழுதுகிட்டே இருக்காண்ணே" என்றாள்.  பொன்னுராஜ் அறிக்கையை மடித்துப் பையில் வைத்தார்.

ஞாயிறு ஆலயம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் வினோத்ராஜ் ஐயரும் டாக்டர் தங்கப்பாண்டியனும் செயலாளரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒழுங்காக வாசிக்கிறாரா என்று பார்க்கவேண்டுமல்லவா. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ஞானபாக்கியம், பக்கத்தில் இவாஞ்சலின். அந்தப் பெண் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தாள்.

சபை அறிவிப்புகள் முடிந்தன. பொன்னுராஜ் ஓலைப் புத்தகத்தை வலது பக்கம் விரித்துவைத்து, பேனாவை அதன்மேல் வைத்து, அறிக்கையைக் கையில் எடுத்தார். முறைப்படி.

"தீர்க்கதரிசனப் பிரசங்கச் சீர்மைக் குழுவின் திருத்த அறிக்கை. திராட்சத்தோட்டம் என்பது திராட்சத்தோட்டம் அல்ல. நாபோத் என்பவர் குறிப்பிட்ட ஒரு ஆள் அல்ல. நாய் என்பது என்னவென்று பின்னர் அறிவிக்கப்படும். ராஜா தோட்டத்தைக் கேட்டது ராஜாவின் தவறு என்று உபதேசியார் சொன்னது உபதேசப் பிழை. நாபோத் கொடுத்திருந்தால் ஒரு அசம்பாவிதமும் நடந்திருக்காது."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். தலைவர் லேசாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அடுத்து வந்த கடைசி வரி அவர் சொந்தமாக எழுதியது.

"ஆகவே, ஓடைப்பட்டி ஆலயத்தின் தென்புறம் ஞானபாக்கியம் அம்மாள் வசமிருக்கும் நாற்பது சென்ட்டும், இந்தச் சேகரமும், இதன்மூலம் பிரிக்கமுடியாதபடி ஒன்றாக இணைக்கப்படவிருக்கின்றன."

அறிக்கை அதோடு முடிந்தது. ஆனால் ஓலை வாசிக்கும் முறைப்படி வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். இருபத்துமூன்று வருஷமாக இணைப்பு என்ற சொல்லுக்குப் பிறகு ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பழகிய நாக்கு. வேண்டுமென்று சொன்னாரா, வாய் தவறிச் சொன்னாரா என்று பிற்பாடு ஊரே கேட்டது. அவருக்கே தெரியாது.

"இந்த இணைப்புக்குத் தடை ஏதும் யாருக்காவது தெரிந்திருந்தால், இப்போதே எழுந்து நின்று சொல்லக் கடவர்."

தலைவரின் தலையாட்டல் நின்றது.

 பிறகு பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் பெஞ்சு கிரீச்சிட்டது. எழுந்தது ஞானபாக்கியம் இல்லை, இவாஞ்சலின். முக்காடு பின்னால் சரிந்திருந்தது. "தடை இருக்கு. அது எங்க அம்மா தோட்டம்" என்றாள்.

ஞானபாக்கியம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்குப் பின்னால் கமிஷன் மண்டிக்கார வீட்டம்மா எழுந்தார். ஆண்கள் பக்கம் இரண்டு பேர், அப்புறம் ஒரு வரிசை, அப்புறம் எல்லாரும். எப்போதும் தூங்குகிறவர்களும் எழுந்திருந்தார்கள். "எனக்கும் தடை இருக்கு." "எழுதிக்கங்க உபதேசியாரே, எம்பேரும்." உட்கார்ந்திருந்தது முன்வரிசையில் மூன்று பேர் மட்டும்தான்.

பொன்னுராஜ் பேனாவை எடுத்தார்.  ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு, காரணம் கேட்டு எழுதினார். வீட்டுக்கு ஒன்றாக முப்பத்தெட்டுப் பெயர். காரணம் என்ற இடத்தில் எல்லாரும் ஒரே மாதிரி, 'தோட்டம் என்பது தோட்டம்தான்' என்று எழுதச் சொன்னார்கள். "விசாரிச்சு முடியிற வரைக்கும் இதுக்கு அடுத்த ஓலை வாசிக்க முடியாதுங்கய்யா. விதி இருக்கு" என்று தலைவரைப் பார்த்துப் பணிவாகச் சொன்னார்.

"இது ஓலை அல்ல!" என்று கத்தினார் தலைவர்.

"நீங்கதானய்யா ஓலை முறைப்படின்னு எழுதியிருக்கீக."

பிறகு அவர் வேதப்புத்தகத்துக்குள்ளிருந்து இன்னொரு தாளை எடுத்தார். ஏழு வாரம் மடிந்துகிடந்ததில் நடுவில் கோடு விழுந்திருந்தது. கீழே கையெழுத்து இடம் காலியாக இருந்தது. இதை வாசித்தால் வீடு போகும், வேலை போகும் என்று அவருக்குத் தெரியும். வாசிக்கத் தொடங்கினார்.

"போடி மதன்குமாருக்கும், ஓடைப்பட்டி இவாஞ்சலினுக்கும், பரிசுத்த விவாக இணைப்பு நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இதற்குத் தடை ஏதும் யாருக்காவது தெரிந்திருந்தால், இப்போதே எழுந்து நின்று சொல்லக் கடவர்."

வினோத்ராஜ் ஐயர் சடாரென்று எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "தடை இருக்கிறது!"

 பொன்னுராஜ் புத்தகத்தில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, 'கனம் வினோத்ராஜ், சேகர குரு' என்று நிறுத்தி நிதானமாக எழுதினார். பிறகு பேனாவை அடுத்த கட்டத்தில் வைத்து நிமிர்ந்தார்.

"காரணம் சொல்லுங்கய்யா. எழுதணும்."

ஐயர் வாயைத் திறந்தார். நின்றுகொண்டிருந்த அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் ஞானபாக்கியத்தைப் பார்த்தார், ஜன்னல் வழியாகத் தெரிந்த பந்தலைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதற்கு இருந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். அதைச் சத்தமாகச் சொல்ல முடியாது.

ஐயர் உட்கார்ந்தார்.

பொன்னுராஜ் எழுதிய பெயரின்மேல் ஒரு கோடு போட்டு அடித்தார். புத்தகத்தை மூடினார்.

"இது முதல் ஓலை" என்றார்.